ஒரு சேதியின் அரைமணி நேரம்

1892இல் பெர்லினில், ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில், ரிச்சர்ட் ஃபைஃபர் காலராக் கிருமிகளைச் சூட்டில் வைத்துக் கொன்றார். செத்த கிருமிகளைக் கினிப்பன்றிகளின் உடலில் செலுத்தினார். கிருமிக்கு உயிரில்லை, பெருக வழியில்லை. ஆனாலும் கினிப்பன்றிகள் செத்தன. சூட்டுக்கு அசையாத ஏதோ ஒன்று கிருமியின் உடம்போடு ஒட்டியிருந்து கொல்கிறது என்று கண்டு, அதற்கு அகநச்சு என்று பொருள்படும் எண்டோடாக்சின் என்ற பெயரை வைத்தார். காலராவின் பேதிக்கு அது காரணமில்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் தெளிவாயிற்று. பேதியை உண்டாக்குவது கிருமி வெளியே சுரக்கும் வேறொரு நச்சு. அதைக் கல்கத்தாவில் சம்புநாத் தே 1959இல் காட்டினார். ஃபைஃபர் தேடியது ஒன்று, கையில் அகப்பட்டது இன்னொன்று. அகப்பட்டதைப் புரிந்துகொள்ள மருத்துவ உலகுக்கு நூறாண்டுக்கு மேல் ஆனது.

அது கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு மூலக்கூறு. லிப்போபாலிசாக்கரைடு என்பது வேதிப்பெயர். இங்கே அகநச்சு என்றே சொல்லிப் போகிறேன். குடலில் வாழும் ஈ.கோலை, டைபாய்டு தரும் சால்மோனெல்லா, பிளேக் தரும் எர்சினியா எனப் பெரிய பாக்டீரியாக் கூட்டம் ஒன்றுக்கு இதுதான் மேல்தோல். ஒரே ஓர் ஈ.கோலையின் மேல் ஏறத்தாழ 10 லட்சம் அகநச்சு மூலக்கூறுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. கிருமி செத்தாலும் அவை அழிவதில்லை. ஊசி போட்டபின் காரணம் தெரியாமல் குளிர்காய்ச்சல் கண்டு நோயாளிகள் நடுங்கியது ஒரு காலத்தில் எங்கும் நடந்தது. ஊசிமருந்து கலக்கும் காய்ச்சிவடித்த நீரில் பாக்டீரியாவின் மிச்சம் கலந்திருப்பதே காரணம் என்று 1923இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஃபுளோரன்ஸ் சைபெர்ட் கண்டுபிடித்தார். இன்று நரம்பில் ஏற்றும் எந்த மருந்தும் அகநச்சுச் சோதனையைத் தாண்டாமல் ஆலையை விட்டு வெளியே வரக்கூடாது.

எவ்வளவு கொஞ்சம் போதும் என்பதுதான் வியப்பு. ஆராய்ச்சிக்காக முன்வந்த ஆரோக்கியமானவர்களுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 4 நானோகிராம் வரை செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது ஒரு மில்லிகிராமில் ஏறத்தாழ 4000இல் ஒரு பங்கு. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலானதும் குளிர் நடுக்கமும் தலைவலியும் தொடங்கும். மூன்று நான்கு மணி நேரத்தில் காய்ச்சல் உச்சத்தைத் தொடும். கண்ணுக்கே தெரியாத அந்தத் துணுக்கு எப்படி ஒரு முழு உடலையும் நடுங்க வைக்கிறது? விடை, நடுக்கம் தொடங்குவதற்கு முன்பே, முதல் அரைமணி நேரத்தில், அகநச்சை உணரும் செல்களுக்குள் ஓடும் ஒரு சேதியில் இருக்கிறது.

அந்தச் சேதியின் தடத்தைக் காட்டிக்கொடுத்தவை சில எலிகள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இருக்கும் ஜாக்சன் ஆய்வகத்தில் வளர்ந்த சி3எச்/ஹெச்இஜே என்ற எலி இனம், மற்ற எலிகளைக் கொன்றுவிடும் அளவு அகநச்சைக் கொடுத்தாலும் எதுவும் நடக்காததுபோல் திரிந்தது. இது 1960களிலேயே தெரியவந்தது. கொடுத்து வைத்த எலிகள் என்று தோன்றும். ஆனால் உயிருள்ள சால்மோனெல்லா மிகச் சிலவே உள்ளே போனாலும் இவை செத்தன. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். அகநச்சு தானாக எதையும் எரிப்பதுமில்லை, கரைப்பதுமில்லை. அது வந்திருக்கிறது என்ற சேதிக்கு உடல் தரும் பதில்தான் கொல்கிறது. அதே பதில்தான் காப்பாற்றவும் செய்கிறது. இந்த எலிகளுக்குச் சேதி போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

எங்கே அறுந்தது? டல்லாஸில் புரூஸ் பாய்ட்லரும் அலெக்சாண்டர் போல்டோராக்கும் மற்றவர்களும் எலிகளை இனம் கலந்து, ஆயிரக்கணக்கான குட்டிகளின் மரபணுக்களைப் பார்த்து, குரோமோசோமில் அந்த இடத்தை வருடக்கணக்காக நெருங்கினார்கள். 1998இல் அகப்பட்டது. டோல் வகை ஏற்பி-4, சுருக்கமாக டோல்-4, என்ற புரதத்தில் 712ஆவது இடத்தில், புரோலின் இருக்க வேண்டிய இடத்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இருந்தது. எனக்கு இதில் மிகப் பிடித்த செய்தி அந்தப் பழுது இருந்த இடம். ஏற்பியின் ஒரு பகுதி செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, ஒரு பகுதி உள்ளே. பழுது உள்ளே இருந்தது. வெளியே அகநச்சைத் தொட்டு உணரும் பகுதிக்கு ஒரு குறையுமில்லை. உணர்ந்ததை உள்ளே இருப்பவர்களுக்குச் சொல்ல முடியவில்லை.

டோல் என்ற புரதத்தின் கதை பழ ஈயில் தொடங்கியது. ஈயின் கருவில் முதுகு எது வயிறு எது என்று பிரிக்கும் மரபணுவாக அதைக் கிறிஸ்டியன் நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் குழுவினர் கண்டார்கள். 1996இல் ஸ்ட்ராஸ்பூர்கில் புருனோ லெமெத்ரும் ஜூல் ஹாஃப்மனும், அது பழுதான ஈக்களைப் பூஞ்சை தின்று மூடிவிடுவதைக் காட்டினார்கள். கிருமிகளுக்கே உரிய பொது அடையாளங்களை உணரும் ஏற்பிகள் இருந்தே தீரவேண்டும் என்று சார்லஸ் ஜேன்வே 1989லேயே எழுதிவிட்டார். அவரும் ருஸ்லான் மெட்ஸிடோவும் மனிதரின் டோல் ஒன்றை 1997இல் கண்டெடுத்தார்கள். பாய்ட்லருக்கும் ஹாஃப்மனுக்கும் 2011இல் நோபல் பரிசு கிடைத்தது. ஜேன்வே அதற்கு முன்பே காலமாகிவிட்டார் என்பது இன்றும் வருத்தம் தருகிறது.

இனிச் சேதியோடு நடப்போம். இரத்தத்தில் அகநச்சு சிந்தியதும், கல்லீரல் செய்து அனுப்பியிருக்கும் ஒரு புரதம் அதைக் கிருமியின் தோலிலிருந்து பிரித்து எடுக்கிறது. எடுத்ததை, மேக்ரோபேஜ் என்ற வெள்ளணுவின் மேலிருக்கும் சிடி14 என்ற புரதத்திடம் கொடுக்கிறது. சிடி14 அதை எம்டி-2 என்ற சிறு புரதத்திடம் கொடுக்கிறது. எம்டி-2 ஏற்கெனவே டோல்-4இன் தோளில் ஒட்டிக்கொண்டிருப்பது. ஈ.கோலையின் அகநச்சுக்கு ஆறு கொழுப்பு வால்கள். தென்கொரியாவின் கைஸ்ட் நிறுவனத்தில் ஜி-ஓ லீயின் குழு 2009இல் இந்தக் கூட்டணியைப் படிகமாக்கிப் பார்த்தபோது, ஐந்து வால்கள் எம்டி-2இன் குழிக்குள் போய்விட, ஆறாவது வால் மட்டும் வெளியே படிந்து கிடந்தது. பக்கத்திலிருக்கும் இன்னொரு டோல்-4 அந்த ஆறாவது வாலின் மேல் வந்து பொருந்துகிறது. ஆக இரண்டு ஏற்பிகள் நெருங்கிச் சேர்கின்றன. சேதியின் முதல் உருவம் இந்த நெருக்கம்.

ஒரு வாலுக்கு அத்தனை மதிப்பா என்று கேட்டால், பிளேக் கிருமி பதில் சொல்லும். எர்சினியா பெஸ்டிஸ் தெள்ளுப்பூச்சியின் உடலில், குறைந்த சூட்டில் இருக்கும்போது ஆறு வால் கொண்ட அகநச்சையும் செய்கிறது. மனித உடலின் 37 டிகிரிக்கு வந்ததும் நான்கு வாலோடு நிறுத்திக்கொள்கிறது. நான்கு வால் மனித டோல்-4ஐச் சரியாகச் சேர்ப்பதில்லை. உடல் விழித்துக்கொள்வதற்குள் கிருமி பெருகிவிடுகிறது. 2006இல் ஓர் ஆய்வுக் குழு, ஈ.கோலையின் மரபணு ஒன்றை எர்சினியாவுக்குள் வைத்து, 37 டிகிரியிலும் ஆறு வால் செய்ய வைத்தது. மற்ற ஆயுதங்கள் எல்லாம் அப்படியே இருந்தும் அந்தக் கிருமியால் எலிகளைக் கொல்ல முடியவில்லை. ஊர் ஊராக மனிதர்களை வாரிக்கொண்டு போன ஒரு நோயின் வலிமையில் பெரும் பங்கு, சேதி கிளம்பாமல் பார்த்துக்கொள்வதில் இருந்திருக்கிறது.

செல்லின் சவ்வைத் தாண்டுவது அடுத்த கட்டம். இந்தப் பாதையில் அகநச்சு உள்ளே நுழைவதில்லை. சேதி மட்டும் நுழைகிறது. வெளியே இரண்டு ஏற்பிகள் சேர்ந்தால் உள்ளே அவற்றின் இரண்டு வால்பகுதிகளும் பக்கம் பக்கமாக வருகின்றன. அந்த ஜோடி உருவாக்கும் புதிய முகத்தில்தான் மைடி-88 என்ற புரதம், மால் என்ற துணைப் புரதத்தின் உதவியோடு, வந்து ஒட்டுகிறது. மைடி-88ஐ 1990இல் கண்டெடுத்தவர்கள் நோயெதிர்ப்பைத் தேடிப் போகவில்லை. எலியின் இரத்தப் புற்றுச் செல்கள் முதிர்ச்சியடையும்போது முதலில் விழித்துக்கொள்ளும் மரபணுக்களைப் பட்டியலிட்டார்கள். அந்தப் பட்டியலில் இதுவும் ஒன்று. ஒசாகாவில் ஷிசுவோ அகிராவின் குழு, 1990களின் கடைசியில், மைடி-88 இல்லாத எலிகளை உருவாக்கிய பிறகுதான் அதன் பெருமை தெரிந்தது. அந்த எலிகளும் அகநச்சின் அதிர்ச்சிக்கு அசையவில்லை.

மைடி-88க்கு இரண்டு முனைகள். ஒன்று ஏற்பியைப் பிடிக்கும். மற்றது தன்னைப் போன்ற இன்னொரு மைடி-88ஐயும், ஐராக்-4 என்ற புரதத்தையும் பிடிக்கும். பிடித்துப் பிடித்து என்ன உருவாகிறது என்பதைக் கேம்பிரிட்ஜில் நிக் கே குழுவினர் 2009இல் அளந்து, அந்தக் கூட்டமைப்பை மைடோசோம் என்று அழைத்தார்கள். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் ஹாவ் வூவின் ஆய்வகம் அதன் படிக அமைப்பை வெளியிட்டது. அடியில் ஆறு மைடி-88, அதன்மேல் நான்கு ஐராக்-4, அதன்மேல் நான்கு ஐராக்-2. மொத்தம் பதினான்கு துண்டுகள் இடப்பக்கமாகச் சுற்றி ஏறும் ஒரு சுருள். ஒவ்வொரு துண்டும் தனக்கு முந்தையவை அமைத்துக் கொடுத்த பரப்பில்தான் உட்கார முடியும். மைடி-88 சேராமல் ஐராக்-4க்கு இடமில்லை. ஐராக்-4 சேராமல் ஐராக்-2க்கு இடமில்லை. வரிசை மாறாது.

இந்தப் பயணத்தின் நெஞ்சு இதுதான் என்பது என் எண்ணம். சேதியைத் தூக்கிக்கொண்டு ஓடும் தனி ஆள் இங்கே யாருமில்லை. திருவிழாவில் வடம் பிடிக்கப் போதிய ஆள் சேரும்வரை தேர் அசையாமல் நிற்கும் அல்லவா, அப்படித்தான் இதுவும். தனி மைடி-88கள் செல்லுக்குள் எப்போதும் மிதந்துகொண்டிருக்கின்றன. அவ்வப்போது ஒன்றையொன்று தொட்டுப் பிரியும். பெர்லினில் மார்கஸ் டெய்லரின் குழு, இதே மைடோசோமைப் பயன்படுத்தும் இன்டர்லூகின்-1 ஏற்பியில், ஒளிரும் மைடி-88களை உயிருள்ள செல்களில் ஒவ்வொன்றாகப் பார்த்தது. சிறு கூட்டங்கள் தோன்றித் தோன்றி உதிர்ந்தன. ஒரு குறிப்பிட்ட அளவுக்குமேல் வளர்ந்த கூட்டங்களுக்கே ஐராக்-4 வந்து சேர்ந்தது. தவறுதலாக இரண்டு புரதங்கள் மோதிக்கொண்டதற்கெல்லாம் உடல் காய்ச்சலில் விழக்கூடாது. உண்மையான ஆபத்துக்கு நொடியும் தாமதிக்கவும் கூடாது. இந்த இரண்டு தேவைகளையும் ஒரு எண்ணிக்கை வரம்பு நிறைவேற்றிவிடுகிறது. யாரும் எண்ணிப் பார்க்காமலே எண்ணப்படுகிறது.

சுருள் முழுமையானதும் சேதி மீண்டும் உருமாறுகிறது. நெருக்கமாக அமர்ந்த ஐராக்-4கள் ஒன்றின்மேல் ஒன்று ஃபாஸ்பேட்டை ஏற்றிக்கொள்கின்றன. பிறகு மேலே இருக்கும் ஐராக் புரதங்கள்மீதும் ஏற்றுகின்றன. அவை டிராஃப்-6 என்ற புரதத்தை இழுக்கின்றன. டிராஃப்-6இன் வேலை யுபிக்விட்டினைக் கோப்பது. 76 அமினோ அமிலங்களே கொண்ட இந்தச் சிறு புரதத்தை, அழிக்க வேண்டியவற்றின்மேல் குத்தப்படும் முத்திரையாகவே எல்லோரும் அறிந்திருந்தார்கள்; அந்தக் கண்டுபிடிப்புக்கு 2004இல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஆனால் 2000ஆவது ஆண்டில், டல்லாஸில் ஷிஜியன் சென்னின் ஆய்வகம் வேறொன்றைக் காட்டியது. டிராஃப்-6 கோக்கும் சங்கிலியில் ஒரு யுபிக்விட்டின் அடுத்ததன் 63ஆவது இடத்தில் இணைகிறது. இந்தச் சங்கிலி அழிவுக்கான அடையாளமல்ல; அது ஒரு மேடை. டாக்-1 என்ற நொதியின் குழு அதில் வந்து பிடித்துக்கொள்கிறது. ஐகேகே என்ற நொதியின் குழுவும் வந்து பிடித்துக்கொள்கிறது. அருகருகே வந்ததால் டாக்-1 ஐகேகேயை எழுப்பிவிடுகிறது. மறுபடியும் ஒரு கூடுகை.

ஐகேகே போய்த் தொடுவது ஐ-கப்பா-பி என்ற புரதத்தை. இதைச் சொல்ல 1986க்குப் போக வேண்டும். மாசசூசெட்ஸில் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும், எதிர்ப்பொருள் செய்யும் பி செல்களின் உட்கருவில், டிஎன்ஏயின் ஒரு குறிப்பிட்ட துண்டைப் பிடிக்கும் புரதம் ஒன்றைக் கண்டு அதற்கு என்எஃப்-கப்பா-பி என்று பெயரிட்டார்கள். முதிராத பி செல்களில் அது தென்படவில்லை. அகநச்சைச் சேர்த்ததும் தோன்றியது. செல் புதிதாக எந்தப் புரதமும் செய்ய முடியாதபடி மருந்து கொடுத்துத் தடுத்துவிட்டு அகநச்சைச் சேர்த்தார்கள், அப்போதும் தோன்றியது. அப்படியென்றால் அது முன்பே செய்யப்பட்டு, ஆணைக்காகக் காத்திருந்திருக்கிறது. எங்கே, எதனால் கட்டுண்டு? பாய்ட்லர் ஏற்பியைக் கண்டுபிடிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தபோதே, பயணத்தின் கடைசிப் புள்ளி தெரிந்துவிட்டது. நடுவிலிருந்த வழிதான் தெரியாமல் கிடந்தது. இரண்டு ஆண்டு கழித்து பாட்ரிக் பாய்வர்லேயும் பால்டிமோரும், என்எஃப்-கப்பா-பியை உட்கருவுக்கு வெளியே பிடித்து வைத்திருக்கும் ஐ-கப்பா-பியைக் கண்டார்கள்.

ஐகேகே அந்த ஐ-கப்பா-பியின் 32ஆவது, 36ஆவது இடங்களில் ஃபாஸ்பேட்டை ஏற்றுகிறது. உடனே யுபிக்விட்டின் இரண்டாம் முறை வருகிறது. இம்முறை இணைப்பு 48ஆவது இடத்தில், அழிவுக்கான முத்திரை. புரதங்களை உடைக்கும் புரோட்டியாசோம் ஐ-கப்பா-பியைத் துண்டு துண்டாக்குகிறது. ஒரே சிறு புரதம், சங்கிலியில் இணையும் இடம் மாறியதால், ஓர் இடத்தில் கூட்டிச் சேர்க்கிறது, இன்னோர் இடத்தில் கொன்று விடுவிக்கிறது. கட்டவிழ்ந்த என்எஃப்-கப்பா-பி உட்கருவுக்குள் நுழைகிறது. அகநச்சு வாசலைத் தொட்டு ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகியிருக்கும். டிஎன்ஏயில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழிக்கின்றன. டிஎன்எஃப், இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 என்ற சேதிப் புரதங்கள் எல்லாம் செல்லை விட்டு இரத்தத்தில் இறங்குகின்றன. மூளையில் உடல் சூட்டைக் காக்கும் பகுதிக்குச் செய்தி எட்டி, நடுக்கம் தொடங்குகிறது. இதே டோல்-4 செல்லுக்குள் இழுக்கப்பட்ட பின் டிரிஃப் என்ற வேறொரு புரதம் வழியாக இன்டர்ஃபெரானையும் கிளப்புகிறது; அது தனிக் கதை.

விழித்த மரபணுக்களில் ஐ-கப்பா-பியின் மரபணுவும் ஒன்று. தன்னைக் கட்டிப்போட்டதையே என்எஃப்-கப்பா-பி புதிதாகச் செய்ய வைக்கிறது. புதிய ஐ-கப்பா-பி உட்கருவுக்குள் வந்து என்எஃப்-கப்பா-பியை வெளியே இழுத்துப் போகிறது. ஏ20 என்ற இன்னொரு புரதம் யுபிக்விட்டின் சங்கிலிகளைக் கலைக்கிறது. சேதி தன் முடிவைத் தானே எழுதிவிட்டுத்தான் பரவுகிறது. இந்த அடக்கம் தவறி, தொற்றுக்கு உடல் தரும் பதிலே உடலைச் சிதைக்கும் இடத்தில்தான் செப்சிஸ் என்ற பேரழிவு. 2017இல் உலகெங்கும் 4.89 கோடிப் பேருக்கு செப்சிஸ் வந்ததாகவும், 1.1 கோடிப் பேர் இறந்ததாகவும் ஒரு பெரிய மதிப்பீடு சொல்கிறது. டோல்-4ஐ அடைக்கும் எரிடோரான் என்ற மருந்தை ஏறத்தாழ 2000 செப்சிஸ் நோயாளிகளிடம் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள், உயிர்களைக் காக்கவில்லை. நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து சேரும்போது சேதி எப்போதோ உட்கருவை அடைந்திருக்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முக்கியமானது.

சேதியே வராமல் கூட்டம் கூடிவிடுவதும் உண்டு. மைடி-88இன் 265ஆவது இடத்தில் லியூசின் போய் புரோலின் வந்தால், ஏற்பியின் அழைப்பில்லாமலே புரதங்கள் தாமாகச் சேர்கின்றன. என்எஃப்-கப்பா-பி ஓயாமல் உட்கருவில் இருக்கிறது. சாக வேண்டிய பி செல் சாகாமல் பெருகுகிறது. வால்டன்ஸ்ட்ராம் என்ற அரிய இரத்தப் புற்றுநோய் கண்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோரிடம் இந்த ஒரே மாற்றம் இருப்பதை 2012இல் ஸ்டீவன் டிரியான் குழுவினர் வெளியிட்டார்கள். மாறிய மைடி-88 கைகோக்கும் பிடிகே என்ற நொதியை அடக்கும் இப்ரூட்டினிப் இந்த நோய்க்கு 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கூடுகையின் இலக்கணம் தெரிந்ததால் வந்த பலன் இது.

எதிர்ப்பக்கம், கூட்டமே கூட முடியாத குழந்தைகள். 2003இல் பாரிஸில் கபுசின் பிகாரும் ஜான்-லோரான் கசனோவாவும் மற்றவர்களும், ஐராக்-4 இல்லாமல் பிறந்த மூன்று குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். மைடி-88 இல்லாத குழந்தைகளும் 2008இல் கண்டறியப்பட்டார்கள். நிமோகாக்கஸ், ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாக்கள் இவர்களை மறுபடி மறுபடி தாக்குகின்றன. இரத்தத்திலும் மூளை உறையிலும் தொற்று பரவி, கைக்குழந்தைப் பருவத்திலேயே பலர் இறந்திருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான வைரஸ்களையும் பூஞ்சைகளையும் இவர்களின் உடல் மற்றவர்களைப் போலவே சமாளிக்கிறது. தப்பி வளர்ந்தவர்களுக்குப் பதின்பருவம் தாண்டும்போது கடுமையான தொற்றுகள் அரிதாகின்றன. வயதோடு சேர்ந்துவரும் எதிர்ப்பொருள்களும் டி செல்களும் அந்த இடத்தை நிரப்புவதாகத் தோன்றுகிறது. ஐராக்-4ஐ அடக்கும் மருந்துகளை முடக்குவாதம் போன்ற நோய்களுக்குப் பெரியவர்களிடம் சோதிக்கும் துணிச்சல் ஆய்வாளர்களுக்கு இந்தக் குழந்தைகளிடமிருந்தே வந்தது.

அவர்களுக்கே நாம் செய்யக்கூடியது இன்று எளிமையானது, ஆனால் விடாமல் செய்ய வேண்டியது: நாள்தோறும் ஆன்டிபயாடிக், நிமோகாக்கல் தடுப்பூசி, சிலருக்கு எதிர்ப்பொருள் ஊசி. பெற்றோரிடம் மருத்துவர்கள் அழுத்திச் சொல்லும் செய்தி வேறொன்று. குழந்தை சோர்ந்து கிடந்தால், பால் குடிக்க மறுத்தால், உடம்பு சுடவில்லையே என்று காத்திருக்கக்கூடாது. காய்ச்சலை எழுப்பும் சேதி மைடோசோமில் நின்றுபோவதால், கடும் தொற்றின் தொடக்கத்திலும் இவர்களுக்குக் காய்ச்சல் வராமலோ மிக லேசாகவோ இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போய், இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை பொறுக்காமல், நரம்பு வழியாக மருந்தைத் தொடங்கிவிட வேண்டும்.